ரேகன்ஸ்பூர்க்கில் அரை நாள்: கப்பல் நின்ற நேரத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் வியன்னாவிலிருந்து நூர்ன்பெர்க் வரை டான்யூப் ஆற்றுக் கப்பலில் போய் வந்தோம். நான், என் கணவர், என் மாமியார். அத்தைக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் வலி. வழியில் நின்ற ஊர்களில் என் மனதில் ஒட்டிக்கொண்டது ஜெர்மனியில் இருக்கிற ரேகன்ஸ்பூர்க்தான். ஆற்றுப் பயணம் பற்றிக் கேட்கிறவர்கள் அறை எப்படி, சாப்பாடு எப்படி, டிக்கெட் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். இறங்கிய ஊரில் அந்த ஐந்து மணி நேரத்தை என்ன செய்வது என்று யாரும் பேசிப் பார்க்கவில்லை, அதனால்தான் இந்த இழை.

கப்பல் காலை 9:30 மணிக்குக் கரை சேர்ந்தது, மதியம் 2:30க்குள் திரும்பிவிட வேண்டும். எங்களுக்கு முன்பே ஒரு கப்பல் கரையை ஒட்டி நின்றதால் எங்கள் கப்பலை அதன் விலாவோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதனால் கரைக்குப் போக வேண்டுமென்றால் அந்த இன்னொரு கப்பலின் வரவேற்பறைக்குள் நுழைந்து மறுபக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், அத்தை அத்தனை பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டே நடந்தார், அவர்களும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிக் கும்பிட்டார்கள். அங்கிருந்தே எங்களுக்கு அந்த நாள் நன்றாகத் தொடங்கிவிட்டது.

காதில் கருவி மாட்டிக்கொண்டு வழிகாட்டியோடு நடக்கும் இரண்டு மணி நேர நடை கப்பல் கட்டணத்திலேயே சேர்த்தி. தனிக் காசு கட்டினால் மலைமேல் இருக்கிற வால்ஹல்லா நினைவு மண்டபத்துக்கு பஸ், அல்லது வெல்டன்பர்க் மடத்துக்குப் படகு. நாங்கள் நடையைத்தான் எடுத்தோம். ஆனால் காலில் வெந்நீர் கொட்டியதுபோல ஓட்டம். ஒரு கதவைக் காட்டி ஆண்டு சொல்வார், நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கூட்டம் அடுத்த சந்தில் இருக்கும். அரை மணி நேரத்தில் அத்தை முகம் வாடிவிட்டது. வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்து வந்தோம். அதற்கு அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நேராகக் கல் பாலத்துக்குப் போய் ஒன்றே கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். கைப்பிடிச் சுவர் உட்கார வாகான உயரம். மேற்குப் பக்கம் பார்த்தால் ஆறு எண்ணெய் விட்ட மாதிரி வழவழவென்று வருகிறது. திரும்பிக் கிழக்குப் பக்கம் பார்த்தால் அதே தண்ணீர் ஒவ்வொரு வளைவிலிருந்தும் கொதித்துக்கொண்டு வெளியே வந்து சுழி சுழியாகச் சுற்றுகிறது. ஒரு வாத்து அந்தச் சுழியில் மாட்டி இரண்டு சுற்று சுற்றி, சட்டென்று விடுபட்டு, மறுபடி நீந்தி மேலே வந்து அதே சுழிக்குள் போனது. ஐந்தாறு தடவை. அத்தை அதை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்தப் பாலம் 1135இல் தொடங்கி 1146இல் முடிந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஆண்டுக் கணக்கு பெரிதாகத் தெரியவில்லை, ஓடுகிற ஆற்றுக்கு நடுவில் இத்தனை காலம் நிற்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. போனவர்கள், போகப்போகிறவர்கள் சொல்லுங்கள், உங்கள் அரை நாளை எப்படிச் செலவழித்தீர்கள்?

கொத்தனார்மகன்:

அக்கா, அந்தச் சுழிக்குக் காரணம் இருக்கிறது, நான் கட்டுமானத்துறையில் இருப்பதால் சொல்கிறேன். 1135 கோடை கடும் வறட்சி, ஆறு வற்றிக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அடித்தளம் போடத் தொடங்கினார்கள். தூணின் அடியை வெள்ளம் அரித்துவிடாமல் இருக்க ஒவ்வொரு தூணையும் சுற்றிக் கல்லும் மரமும் கொண்டு சின்னத் தீவு மாதிரி ஒரு காப்பு கட்டினார்கள். நீங்கள் மேலிருந்து பார்த்திருப்பீர்கள், படகின் மூக்கு மாதிரி கூராக நீட்டிக்கொண்டிருக்கும். தூணுக்குப் பாதுகாப்புதான், ஆனால் அத்தனை தீவும் சேர்ந்து ஆற்றின் வழியை நெருக்கிவிட்டன. ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி உயர்கிறது, மறுபக்கம் சந்துக்குள்ளிருந்து பாய்கிறது. மேற்கே வழவழப்பு, கிழக்கே கொதிப்பு என்று நீங்கள் சொன்னது அதுதான்.

மேல்நோக்கி வரும் சரக்குப் படகுகளுக்கு அந்தக் காலத்தில் இது பெரிய சோதனை. இன்றைக்கும் உங்கள் கப்பல் அந்தப் பாலத்துக்கு அடியில் போயிருக்காது. 135 மீட்டர் நீளக் கப்பல் அந்த வளைவுக்குள் நுழையவே முடியாது. ஊருக்கு வடக்கே தனியாக ஒரு கால்வாய் வெட்டி, பூட்டு (தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை உயர்த்துகிற, தாழ்த்துகிற கதவு போட்ட தொட்டி) வைத்து, கப்பல்களைச் சுற்றி அனுப்புகிறார்கள். 1992இல் மைன் டான்யூப் கால்வாய் முழுதாகத் திறந்த பிறகுதான் கருங்கடலிலிருந்து வட கடல் வரை நீர்வழி ஒன்றானது. 171 கிலோமீட்டர், உச்சிப் பகுதி கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர். கப்பலைப் படிப்படியாக மலையேற்றி இறக்குகிற வேலை அது. நூர்ன்பெர்க் போனீர்கள் என்றால் அந்தப் பூட்டுகளைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள், பெரும்பாலும் ராத்திரியில்.

இன்னொன்று. மூலப் பாலத்தில் 16 வளைவு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குக் கரையில் உப்புக் கிடங்கு கட்டியபோது ஒரு வளைவு அதன் அடியில் மறைந்துவிட்டது. வெளியே தெரிவது 15.

காவிரிக்கரை:

தம்பி, ரொம்ப நன்றி. இதைத் தெரிந்துகொண்டு போயிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பூட்டுகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், ராத்திரி ஜன்னலுக்கு வெளியே வெறும் சிமெண்ட் சுவர் மட்டும் தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது, அப்புறம் திடீரென்று மரங்கள்.

பயணப்பித்தன்:

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஐந்து மணி நேரத்தில் ஒரு ஊரைப் பார்த்துவிட்டேன் என்று சொல்வது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். நான் ம்யூனிக்கிலிருந்து ரயிலில் போனேன், ஒன்றரை மணி நேரப் பயணம், இரண்டு ராத்திரி தங்கினேன். காலை 10 மணிக்குக் கப்பல் கூட்டம் வந்து இறங்கும், மூன்று மணிக்கு வடியும். அதற்கப்புறம்தான் அந்த ஊர் ஊராக இருக்கிறது. பாலத்தின் தெற்கு முனையில் மாலை வெயிலில் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கல் பகல் முழுக்க வாங்கிய சூட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

ஞாயிறு காலை 10 மணிக்குப் பேராலயத்தில் திருப்பலிக்குப் போனேன். நான் கிறித்தவன் இல்லை. ஆனால் அங்கே பாடுவது 975இல் தொடங்கிய பள்ளியின் சிறுவர்கள், பேராலயத்துக் குருவிகள் என்று அவர்களுக்குப் பெயர். அந்த உயரமான கூரைக்குக் கீழே சின்னப் பிள்ளைகளின் குரல் எழும்பும்போது முதுகு சிலிர்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் அங்கே நின்றால் மட்டுமே உங்களுக்கு இது கிடைக்கும்.

பழைய நகர மன்றத்தில் பேரரசு மண்டபம் இருக்கிறது, அதையும் நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1663இல் கூடிய புனித ரோமப் பேரரசின் மன்றம் கலையவே இல்லை, 1806இல் பேரரசே முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் சித்திரவதை அறை அப்படியே இருக்கிறது, பழைய கருவிகளோடு. மேலே வண்ணத் துணி போர்த்திய இருக்கைகள், கீழே அது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், நேரம் குறித்திருப்பார்கள். கப்பல் பயணிக்கு அந்த நேரம் பெரும்பாலும் ஒத்துவராது.

காவிரிக்கரை:

பயணப்பித்தன் சார், நீங்கள் சொன்ன இரண்டையும் நாங்கள் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். வாய்ப்பிருந்தால் நானும் தங்கித்தான் பார்ப்பேன். ஆனால் அத்தையைக் கூட்டிக்கொண்டு ரயில் மாறி, பெட்டி தூக்கி, ஒவ்வொரு ஊரிலும் விடுதி தேடுவது எங்களால் ஆகாது. கப்பலில் பெட்டியை ஒரே தடவை பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டோம், ஏழு நாள் அதைத் தொடவில்லை. முட்டி வலிக்காரர் ஜெர்மனியைப் பார்க்க எங்களுக்கு இருந்த ஒரே வழி அது. அந்த ஐந்து மணி நேரத்தையும் அரக்கப்பரக்க ஓடி வீணாக்காமல் இருப்பது எப்படி என்றுதான் கேட்கிறேன்.

நூர்ன்பெர்க்_நேசன்:

அக்கா வணக்கம். நான் யாழ்ப்பாணம், இங்கே நூர்ன்பெர்க்கில் 24 வருடமாக இருக்கிறேன். ரேகன்ஸ்பூர்க் எங்களுக்கு ஒரு மணித்தியால ரயில். ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் முதலில் கூட்டிக்கொண்டு போகிற இடம் அதுதான், ஏனென்றால் எங்கள் நூர்ன்பெர்க் போரில் குண்டு விழுந்து தரைமட்டமானது, பார்க்கிற பழைய வீடுகள் பல திரும்பக் கட்டியவை. ரேகன்ஸ்பூர்க்கின் பழைய நகரம் அப்படியே தப்பியது. 1943 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் வந்து ஊருக்கு வெளியே இருந்த மெஸ்ஸெர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலையைத்தான் அடித்தன. பாலத்தை உடைத்தது எதிரி இல்லை, 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து சேருகிறதென்று ஜெர்மன் படையே இரண்டு தூணை வெடி வைத்துத் தகர்த்தது. அந்தப் பகுதியைத் திரும்பச் சரியாகக் கட்டி முடிக்க 1967 ஆகிவிட்டது.

பாலத்தின் மறுபக்கம் போனீர்களா? ஷ்டாட்அம்ஹோஃப் என்று பெயர். இன்றைக்கு அது ரேகன்ஸ்பூர்க்கின் ஒரு பகுதி, ஆனால் 1924 வரை தனி ஊர். பேரரசு இருந்த காலத்தில் பாலத்தின் இந்தப் பக்கம் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரம், அந்தப் பக்கம் பவேரியா நாடு. 300 மீட்டர் நடந்தால் எல்லை தாண்டியாயிற்று, சுங்கமும் காவலும் வேறு. 1809இல் நெப்போலியனின் படை ரேகன்ஸ்பூர்க்கைத் தாக்கியபோது நெப்போலியனுக்கே காலில் அடிபட்டது, ஷ்டாட்அம்ஹோஃப் எரிந்துபோனது. அதனால் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி, நேரான தெருவில் வடிவாக நிற்கும், இந்தப் பக்கம் மாதிரி வளைந்த சந்துகள் இல்லை. கூட்டமும் குறைவு. காபி குடிக்க நான் அந்தப் பக்கம்தான் போவேன்.

கப்பலில் வருகிற எல்லாரும் ஒன்றை மனதில் வையுங்கோ. ஷ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையில் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் ஆறு அணையில்லாமல் ஓடுகிறது. கோடையில் மழை பொய்த்தால் அங்கே ஆழம் போதாது, கப்பல் அதற்கு முன்னாலேயே பஸ்ஸாவ் என்ற ஊரில் நின்றுவிடும், பயணிகளை பஸ்ஸில் ரேகன்ஸ்பூர்க் கொண்டுவந்து விடுவார்கள். அதிக வெள்ளம் என்றாலும் பாலங்களுக்கு அடியில் உயரம் போதாமல் இதே கதைதான். அப்படி வந்தால் ஐந்து மணித்தியாலம் மூன்றாகச் சுருங்கும். மூன்றுதான் கிடைத்தால் பாலமும் பேராலயமும் போதும்.

மலர்விழி_திண்டுக்கல்:

நான் போன வருடம் போனேன், எங்கள் குழு வழிகாட்டி நொய்ப்ஃபார் சதுக்கத்தில் ஒரு வெள்ளைக் கான்கிரீட் மேடையைக் காட்டி நினைவுச்சின்னம் என்று மட்டும் சொல்லிவிட்டு மிட்டாய்க் கடைக்குக் கூட்டிப்போய்விட்டார். பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது என்ன என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

நூர்ன்பெர்க்_நேசன்:

தெரியும் அக்கா, இதை ஒருவரும் அவசரமாகக் கடந்து போகக்கூடாது. அந்தச் சதுக்கம் இருக்கிற இடம் முழுக்க ஒரு காலத்தில் யூதர்களின் குடியிருப்பு. 1519 சனவரியில் பேரரசர் மாக்ஸிமிலியன் இறந்தார். யூதர்கள் அவருடைய பாதுகாப்பில் இருந்தவர்கள். அடுத்த பேரரசர் வருவதற்குள் நகர மன்றம் முந்திக்கொண்டது, அந்தப் பிப்ரவரியிலேயே கிட்டத்தட்ட 500 பேரைச் சில நாள் கெடுவில் ஊரைவிட்டுத் துரத்தியது. கடும் குளிர் காலம். தொழுகைக்கூடத்தை இடித்தார்கள், வீடுகளை இடித்தார்கள், இடுகாட்டையும் தோண்டிக் கல்லறைக் கற்களைக் கட்டடக் கல்லாக எடுத்துக்கொண்டார்கள். சில கற்களை வீட்டுச் சுவரில் வெற்றிச் சின்னம் மாதிரிப் பதித்தார்கள். இன்றைக்கும் சந்துகளில் நடக்கும்போது ஹீப்ரு எழுத்துச் செதுக்கிய கல் சுவரில் இருப்பதைப் பார்க்கலாம்.

ஆல்ட்டோர்ஃபர் என்ற ஓவியர் அந்த நகர மன்றத்தில் உறுப்பினர். இடிப்பதற்குச் சற்று முன்னால் அதே தொழுகைக்கூடத்துக்குள் போய் அதை இரண்டு படமாகச் செதுக்கி வைத்தார். துரத்தியவர்களில் ஒருவர் எடுத்த படத்தால்தான் அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. எனக்கு அதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. ஊரைவிட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1995க்குப் பிறகு அங்கே தோண்டியபோது தொழுகைக்கூடத்தின் அடித்தளம் கிடைத்தது. அந்த அடித்தளத்தின் வடிவத்தையே வெள்ளைக் கான்கிரீட்டில் தரைக்கு மேல் எழுப்பியிருக்கிறார் இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான், 2005இல். மக்கள் உட்கார, சந்திக்க என்று திறந்தபடி விட்ட இடம் அது, அதனால் பிள்ளைகள் ஏறி விளையாடுவதில் குற்றமில்லை. வழிகாட்டி சொல்லாமல் விட்டதுதான் பிழை. 2019இல், துரத்தி 500 ஆண்டு ஆனபோது, பக்கத்திலேயே புதிய தொழுகைக்கூடமும் திறந்தார்கள்.

மலர்விழி_திண்டுக்கல்:

நன்றி அண்ணா. அந்த மேடையில் உட்கார்ந்து நானும் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். மறுபடி போனால் அந்தச் சுவர்க் கற்களைத் தேடிப் பார்ப்பேன்.

இயற்பியல்_ஆசிரியை:

யாரும் வானியலாளர் கெப்ளரைப் பற்றிப் பேசவில்லையே. பதினொன்றாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருடமும் அவருடைய மூன்று விதிகளையும் நடத்துகிறேன், அவர் உயிர் போனது இந்த ஊரில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர் வாழ்க்கையே டான்யூப் கரையோடு போனதுதான். ஆற்றுக் கப்பல் நிற்கிற லின்ஸில் 14 வருடம் இருந்தார். அங்கே இருந்தபோது 1613இல் அவருக்கு இரண்டாம் கல்யாணம், வீட்டுக்கு ஒயின் பீப்பாய்கள் வாங்கினார். விற்றவர் பீப்பாயின் வாயில் ஒரு கோலை விட்டுச் சாய்வாக அளந்து விலை சொன்னார். பீப்பாய் குட்டையாக இருந்தாலும் நெட்டையாக இருந்தாலும் அதே கோல் எப்படிச் சரியாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கி, பீப்பாய்களின் கொள்ளளவு பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார், 1615இல். வளைந்த உருவங்களின் கனஅளவை மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்கிற வழி அதில் இருக்கிறது. தொகை நுண்கணிதம் நடத்தும்போது நான் இந்தக் கதையில்தான் தொடங்குவேன்.

1626இல் மதச் சண்டையில் லின்ஸை விட்டுக் கிளம்பினார். ஆற்றில் படகேறி ரேகன்ஸ்பூர்க் வந்து, குளிரில் ஆறு உறைந்துபோனதால் மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு, அச்செழுத்துகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு உல்ம் வரை போனார், கோள் அட்டவணைகளை அச்சடிக்க. 1630இல் பேரரசர் தரவேண்டிய சம்பள பாக்கி 12,000 கில்டருக்கு மேல். மன்னர்கள் கூடியிருக்கிறார்கள், கேட்டு வாங்கலாம் என்று நவம்பர் குளிரில் கிழட்டுக் குதிரையில் ரேகன்ஸ்பூர்க் போனார். போன சில நாளில் காய்ச்சல், நவம்பர் 15இல் போய்விட்டார். வயது 58. ஊருக்கு வெளியே புதைத்தார்கள், அடுத்த இரண்டு மூன்று வருடத்துப் போரில் அந்த இடுகாடே அழிந்துவிட்டது. கோள்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று சொன்ன மனிதரின் கல்லறை எங்கே என்று சொல்ல முடியவில்லை.

காவிரிக்கரை, நீங்கள் அவர் உயிர் விட்ட வீட்டைப் பார்த்தீர்களா?

காவிரிக்கரை:

டீச்சர், பார்த்தோம், ஆனால் இவ்வளவு தெரியாமல் பார்த்தோம். பாலத்திலிருந்து பக்கம்தான், தெருவுக்கே கெப்ளர் தெரு என்று பெயர். என் கணவர் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு இந்தப் பெயர் பள்ளிக்கூடத்தில் கேட்டதாயிற்றே என்றார், கதவுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். பாக்கிப் பணம் கேட்டுப் போன இடத்தில் உயிர் போயிருக்கிறது. அந்தப் படத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். ரொம்பச் சின்ன வாசல்.

ருசிகண்டபூனை:

எனக்கு ஒரே கேள்விதான், சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது? கல் பாலத்துக்குப் பக்கத்தில் சாசேஜ் அடுப்பு என்று எல்லாரும் படம் போடுகிறார்கள்.

காவிரிக்கரை:

நாங்களும் சைவம்தான். அந்த அடுப்பங்கரை வாசல் வரைக்கும் போனோம், புகையும் கரி வாசனையும் பத்து அடிக்கு முன்பே வந்துவிடும். பாலம் கட்டியவர்களுக்குச் சாப்பாடு போட்ட இடம் என்று ஊரார் சொல்கிறார்கள். ஒரு சின்ன வீடு, நகரின் பழைய மதிலில் சாய்த்துக் கட்டியது. அங்கே நான் பார்க்கப் போனது வேறு: சுவரில் வெள்ளம் வந்த ஆண்டுகளைக் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே. ஒவ்வொரு தடவையும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி மறுபடி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு: பேராலயத்துக்குப் பின்னால் ஒரு ரொட்டிக் கடையில் ப்ரெட்சல், பாலாடைக்கட்டி மசித்த ஒபாட்ஸ்டா. அப்புறம் டாம்ப்ஃநூடல். பெயரைக் கேட்டு நூடுல்ஸ் என்று நினைக்காதீர்கள். நம் இட்லிபோல ஆவியில் வெந்த பெரிய மாவு உருண்டை, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தது, மேலே சுடச்சுட வெனிலாப் பால் ஊற்றித் தருகிறார்கள். அத்தை ஒரு முழு உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு, மாவு புளித்த பதம் சரியாக இருக்கிறது என்றார். அவர் வெளியூரில் எதையும் லேசில் பாராட்டமாட்டார். சில்லறைக் காசு கையில் வைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறைக்கும் காசு. ஞாயிறு என்றால் கடைகள் மூடியிருக்கும், உணவகங்கள் மட்டும்தான்.

சக்கரநாற்காலி_மகன்:

இந்த இழையை முழுக்கப் படித்தேன். அடுத்த மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அதே கப்பல் வழியில் போகிறோம். அப்பா பொதுப்பணித்துறையில் கால்வாய் மேற்பார்வையில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது நடக்க முடியாது, சக்கர நாற்காலி. பேராலயமா பாலமா வால்ஹல்லாவா?

பயணப்பித்தன்:

வால்ஹல்லா வேண்டாம் தம்பி. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் கிரேக்கக் கோயில் மாதிரி கட்டி 1842இல் திறந்த நினைவு மண்டபம் அது, உள்ளே பெரிய மனிதர்களின் மார்பளவுச் சிலைகள். ஆற்றிலிருந்து மேலே போக 358 படி. பஸ் பின்பக்கமாக மேலே விடும் என்றாலும், அந்தக் கட்டடத்தின் அழகு ஆற்றிலிருந்து பார்ப்பதில்தான். கிழக்கிலிருந்து வந்தால் ரேகன்ஸ்பூர்க்குக்குச் சற்று முன்னால் வலக்கைப் பக்கம் மலையில் தெரியும், அப்பாவை மேல்தளத்தில் உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள்.

பேராலயத்துக்குள் அப்பாவைக் கூட்டிப்போனால் சிரிக்கும் தேவதையைத் தேடிக் காட்டுங்கள். 1280 வாக்கில் செதுக்கியது, மரியாளுக்கு நற்செய்தி சொல்ல வந்த தேவதை, கல்லில் வாய்விட்டுச் சிரிக்கிறது. எதிர்த் தூணில் மரியாள். நற்செய்தி கொண்டுவந்தவனின் சந்தோஷத்தை இப்படி வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இரட்டைக் கோபுரம் மட்டும் பிற்பாடு, 1869இல் முடிந்தது, 105 மீட்டர்.

முன்பு கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன், காவிரிக்கரை அம்மா. உங்கள் அத்தை பாலத்தில் உட்கார்ந்து வாத்தை எண்ணியது எனக்கு அப்புறம் வெகுநேரம் நினைவில் இருந்தது.

நூர்ன்பெர்க்_நேசன்:

தம்பி, கப்பல் வழக்கமாக இரும்புப் பாலத்துக்குக் கிழக்கே கரையில் நிற்கும், கல் பாலத்துக்கு ஆற்றோரமாகவே பத்து நிமிடம், மேடு பள்ளமில்லை. கூட்டம் அதிகமென்றால் தள்ளி நிறுத்துவார்கள், முதல் நாள் இரவே கேட்டு வையுங்கோ. இரண்டு மூன்று கப்பலை ஒட்டிக் கட்டினால் நாற்காலியைத் தூக்கித்தான் கடத்த வேண்டும், பணியாளர்கள் உதவுவார்கள், ஆனால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பழைய நகரச் சந்துகளில் உருண்டைக் கற்கள், சக்கரம் குலுங்கும். கல் பாலத்தில் அந்தத் தொல்லை குறைவு, 2018 வரை எட்டு வருடம் பழுது பார்த்துத் தளத்தைச் சமமாகப் போட்டிருக்கிறார்கள், காரும் பஸ்ஸும் இல்லை. நடுவில் ஒரு மேடு இருக்கும், அங்கே மட்டும் தள்ளக் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

பாலத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கூரைமேல் உட்கார்ந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பேராலயத்தைப் பார்க்கிற கல் ஆளையும் காட்டுங்கோ. பாலம் கட்டியவனும் பேராலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் போட்டதாக ஒரு கதை. பாலக்காரன் சாத்தானிடம் உதவி கேட்டான், முதலில் கடக்கும் மூன்று உயிர் உனக்கு என்று வாக்குக் கொடுத்தான், முடிந்ததும் ஒரு சேவலையும் கோழியையும் நாயையும் விட்டு ஏமாற்றினான். சாத்தான் கோபத்தில் அடியிலிருந்து முட்டியதால்தான் நடுவில் மேடாம். உண்மையில் பேராலயத்தைத் தொடங்கியதே பாலம் முடிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1273க்கு அப்புறம். ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் கதையைத்தான் சொல்வேன்.

சக்கரநாற்காலி_மகன்:

திரும்பி வந்து எழுதுகிறேன், ஏழு வாரம் ஆகிவிட்டது. நாங்கள் வேறெங்கும் போகவில்லை. கப்பல் இரண்டாவதாகக் கட்டியிருந்தது, நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு அப்பாவைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். இரும்புப் பாலத்தில் நின்று அப்பா கல் பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தூணைச் சுற்றியிருக்கிற தீவுகளைக் காட்டி, நம்மூரில் மதகுக்கு முன்னால் கல் அணைத்துப் போடுவோமே, அதே வேலைதான், ஆனால் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார்கள் என்றார். அப்புறம் கல் பாலத்துக்கே போனோம். ஒவ்வொரு வளைவுக்கு மேலும் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, கைப்பிடிச் சுவரைத் தொட்டு எண்ணிக்கொண்டே அந்தக் கரை வரை வந்தார். 15 வந்தது. கொத்தனார்மகன் எழுதியிருந்ததைச் சொன்னேன், பதினாறாவது உப்புக் கிடங்குக்கு அடியில் இருக்கிறதாம் என்று. உடனே திரும்பத் தள்ளச் சொன்னார். கிடங்குச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து, பாலம் சுவருக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்று தேடினார், இருபது நிமிடம் இருக்கும். அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஒரு இடத்தைக் கைத்தடியால் தட்டிக் காட்டினார், அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.